மருமகள் சம்பளம் யார் கையில்

என் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் என் மருமகள். அதற்கு முன்னால் எங்கள் வம்சத்தில் கூலி வாங்கியிருக்கிறோம், பிறகு கூலி கொடுத்திருக்கிறோம், சம்பளம் என்று ஒருத்தரும் வாங்கியதில்லை. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிவகாசியில் எந்தத் தெருவில் பேப்பர் பண்டலை முதுகில் சுமந்து லாரி ஏற்றினேனோ, அதே தெருவில் இன்றைக்கு எனக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனி இருக்கிறது. பட்டாசு அடைக்கிற பெட்டி. சாத்தூர் வரைக்கும் என் பெட்டி போகாத பட்டாசுக் கம்பெனி குறைவு. விருதுநகரில் மாடி வைத்த வீடும் அதில் வந்ததுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு தூரம் வந்தது எப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான்: நான் யாரையும் நம்புவதில்லை. பேப்பர் ரீல் வந்து இறங்கினால் எடை போட்டுப் பார்ப்பேன். பிறகு அந்தத் தராசைப் பார்ப்பேன். பிறகு எடை போட்டவன் முகத்தைப் பார்ப்பேன். வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் மருமகள் விஷயம் என் கண்ணில் பட்டது. படித்த என் மகன், அவளைக் கட்டியவன், அவன் கண்ணில் படவில்லை.

மருமகளுக்குச் சூலக்கரையில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் உதவியாளர் வேலை. பிறந்த வீடு காரியாபட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். ஒரு மாதக் கடைசியில் தலைவலி என்று லீவு போட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போன் ஒரு சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தம். இந்தத் தடவை பார்க்கவே இல்லை. கீரையை மட்டும் வேகமாக ஆய்ந்தாள்.

"யாரு தாயி?" என்று கேட்டேன்.

"விளம்பரம் மாமா."

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பேங்க்கில் பணம் வந்தாலும் போனாலும் என் போனும் அப்படித்தான் கத்தும். மாதக் கடைசி நாள். முதல் சத்தம் சம்பளம் வந்தது. அப்படியானால் இரண்டாவது சத்தம்? இவள் இங்கே கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அங்கே பணம் எடுத்தது யார்?

அன்றைக்கே என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"அவ சம்பளத்தை அவ எடுக்கா. உங்களுக்கு என்னங்க?" என்றாள்.

"அவ எடுக்கலைங்கிறேன். அவ கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா."

"அப்ப கீரையைப் போட்டுட்டுப் போயி எடுத்துட்டு வரச் சொல்றீகளா?"

இந்த வீட்டில் சந்தேகப்படுவதற்கு நான் ஒருத்தன்தான். அதனால் நானே பார்க்க ஆரம்பித்தேன். மாதம் பிறந்து நாலு நாள் ஆகுமுன் என் மகனிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்கிறாள். தீபாவளிக்கு எடுத்த செருப்பு அறுந்து, தைத்துப் போட்டிருக்கிறாள். சம்பளம் வாங்குகிற பெண் ஏன் செருப்புத் தைக்க வேண்டும்? முதலில் மகனைச் சந்தேகப்பட்டேன். அவன் சத்தியம் செய்தான். சத்தியத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை, ஆனால் அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது என்பது தெரியும். அடுத்து அவள் பிறந்த வீட்டைச் சந்தேகப்பட்டேன். பணம் காரியாபட்டிக்குப் போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு வேலை செய்தேன். கம்பெனியில் கூலி போடுகிற நாள். காலையில் அவளிடம் போய், "என் பேங்க்ல மிசின் மக்கர் பண்ணுது தாயி. கூலி போடணும். உன் கார்டைக் குடு, திங்கக்கிழமை திருப்பிப் போட்டுருதேன்" என்றேன்.

கார்டு எடுக்க அவள் உள்ளே போகவில்லை.

"கார்டு இங்க இல்ல மாமா."

"ஆபீஸ்ல வச்சிட்டியா?"

"இல்ல."

"காரியாபட்டியிலயா?"

"அங்கயும் இல்ல. சாத்தூர்ல இருக்கு."

பிறகு எல்லாம் வந்தது. அவள் அப்பா தோட்டத்தில் போர் போட்டிருக்கிறார். முதல் குழியில் புகைதான் வந்தது. இரண்டாவது குழியில் உப்புத் தண்ணீர். அந்தச் செலவுக்கு இவள் சாத்தூரில் ஒரு பைனான்ஸ்காரனிடம் கடன் வாங்கியிருக்கிறாள். அவன் அரசாங்க வேலைக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுப்பானாம். ஜாமீன் கேட்க மாட்டானாம். ஏடிஎம் கார்டையும் அதன் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வான். கூடவே தொகை எழுதாத செக்கும் புரோநோட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். சம்பளம் விழுந்ததும் அவன் ஆள் போய் மொத்தத்தையும் எடுத்து, வட்டி போக ஏதோ கொஞ்சம் இவளிடம் செலவுக்குக் கொடுப்பான். இவள் சம்பளத்தில் இவளுக்கு அவன் செலவுக்குக் கொடுக்கிறான். அசல் அப்படியே நிற்கிறது.

"ஏன் தாயி, என்கிட்ட கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பீக மாமா. குடுத்துட்டு பஜார் பூராவும் சொல்லியிருப்பீக."

சொல்லியிருப்பேன்தான். கொடுத்ததைச் சொல்வதில் என்ன தப்பு?

அவள் பயம் பணத்தில் இல்லை. கார்டைத் திருப்பிக் கேட்டபோது அவன் சொல்லியிருக்கிறான்: "உங்க மேலதிகாரிக்கு ஒரு லெட்டர் போட்டேன்னா வேலை போயிரும். கோர்ட்டுல போட்டேன்னா சம்பளம் மொத்தமும் ஜப்தி. எது வசதின்னு பாத்துக்கங்க." அந்த வேலைக்கு அவள் எத்தனை வருசம் பரீட்சை எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா அதைத்தான் முதலில் சொன்னார். வேலை போய்விடும் என்ற ஒரு சொல்லுக்காக மாதாமாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நான் சாத்தூர் போனேன். யாரையும் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போனால் அவன் என்ன பேசினான் என்பதை ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள்.

பைனான்ஸ்காரன் என் மகனைவிடச் சின்ன வயசு. நெற்றியில் விபூதி, வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, வாங்க வாங்க. சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேன்லா. டீயா, கலரா?"

"கார்டு" என்றேன்.

சிரித்துக்கொண்டே மேசை டிராயரை இழுத்தான். உள்ளே கார்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான். நாங்கள் பெட்டிக்கு லேபிள் கட்டுவோமே, அதே மாதிரிக் கட்டு. பச்சை, நீலம், சிவப்பு என்று பேங்க்குக்கு ஒரு நிறம். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் எண். வாத்தியார் எத்தனை பேர், நர்ஸ் எத்தனை பேர், அந்த டிராயருக்குள் இருந்தார்களோ தெரியாது. பார்க்கட்டும் என்றுதான் இழுத்தான். உடனே மூடிவிட்டான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. நீங்களும் முன்பணம் குடுத்துத்தான் ஆள் வைக்கீக. சனிக்கிழமை கூலியில பிடிக்கீகளா இல்லையா?"

"பிடிப்பேன்."

"நீங்க கூலியில பிடிக்கீக. நான் மிசின்ல பிடிக்கேன். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

"நான் முன்பணத்துக்கு வட்டி வாங்குறதில்லலே."

"வட்டி வாங்காட்டி என்ன, ஆளையே வாங்கிருதீகளே அண்ணாச்சி."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வழியெல்லாம் அவன் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். கோபத்தால் இல்லை. அதில் எனக்கு ஒரு வழி கிடைத்தது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. முன்பணம் வாங்கிய ஆள் வேறு கம்பெனிக்குப் போக நினைத்தால், புது முதலாளி பழைய முதலாளியிடம் வந்து நிலுவையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். பிறகு தன் கூலியில் வாரம் இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார். ஆளுக்கும் நெருக்கடி இல்லை, முதலாளிக்கும் நட்டம் இல்லை. இப்படி எத்தனையோ பேரை நான் எடுத்திருக்கிறேன், கொடுத்திருக்கிறேன். மருமகளுக்கும் ஒரு முதலாளி இருக்கிறாரே, அவரிடம் போய்ப் பேசி முடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அரசாங்கத்திடம் இல்லாத பணமா?

மறுநாள் காலை, அவள் கருவூலத்துக்கு ஏதோ பில் கொண்டுபோயிருந்த நேரம் பார்த்து, சூலக்கரைக்குப் போனேன். கண்காணிப்பாளர் என்று ஒரு மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கன நீங்கதான் முதலாளியா?" என்றேன்.

"இங்க முதலாளி யாரும் கிடையாதுங்கய்யா. உக்காருங்க. யாரு நீங்க?"

மருமகள் யார் என்று சொன்னேன். கடன் விஷயம், கார்டு விஷயம் எல்லாம் சொன்னேன். அவன் நிலுவையை நீங்கள் கட்டி, மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், நான் பொறுப்பு என்றேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஐயா, அரசாங்கம் அப்படி யார் கடனையும் கட்டாது. சம்பளத்துல நாங்க பிடிக்கிறதெல்லாம் வரி, சேமநிதி, இன்சூரன்ஸ், கூட்டுறவுச் சங்கக் கடன், இப்படித்தான். வெளியில கடன் குடுத்தவன் வந்து கேட்டா ஒரு பைசா எடுத்துக் குடுக்க எங்களுக்கு அதிகாரமே கிடையாது."

"கோர்ட்டுக்குப் போனா மொத்தமும் ஜப்தின்னு சொல்றானே."

"கேஸ் போடணும், ஜெயிக்கணும், தீர்ப்பு வாங்கணும். அதுக்கப்புறம் கோர்ட்டுல இருந்து எங்களுக்கு உத்தரவு வரணும். வந்தாலும் முதல் ஆயிரம் ரூபாயத் தொட முடியாது. மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கையும் தொட முடியாது. பாக்கி ஒரு பங்குதான். அதையும் ஒரே தீர்ப்புக்கு ரெண்டு வருசம் பிடிச்சாச்சுன்னா, அதோட சரி."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடன் வாங்கியவனுக்கு இவ்வளவு பாதுகாப்பா? கொடுத்தவனை இப்படிக் கட்டிப்போடுகிற சட்டம் ஒன்று இருந்தால், கொடுக்கிறவன் எப்படிக் கொடுப்பான்? இவர் அரசாங்க ஊழியர், தங்கள் ஆட்களுக்குச் சாதகமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். அவன் கார்டை வாங்கி வச்சுக்கிறதே அதுக்குத்தான். கோர்ட்டுக்குப் போனா மூணுல ஒரு பங்கு. கார்டு இருந்தா மொத்தமும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது சரிங்கய்யா, உங்க மருமக இவ்வளவு கடன்ல இருக்கிறது எனக்குத் தெரியாதே. ஊழியர் கடன்ல மூழ்கினா மேலதிகாரிக்குத் தெரிவிக்கணும்னு விதி இருக்கு. தெரிஞ்சா நான் கேட்டாகணும்."

"இப்பத் தெரிஞ்சுபோச்சே" என்றேன்.

"ஆமா. தெரிஞ்சுபோச்சு."

பக்கத்து மேசைகளில் டைப் அடிக்கிற சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். என் குரல் கொஞ்சம் பெரிய குரல். மிசின் ஓடுகிற இடத்தில் பேசிப் பழகியது.

அவர் சொன்னார்: "அவங்களையே எழுதித் தரச் சொல்லுங்க. என்ன வாங்கினாங்க, என்ன கட்டினாங்க, கார்டை எப்படி வாங்கி வச்சிருக்கான், எப்படி மிரட்டுறான், எல்லாத்தையும். எழுதித் தந்தா நான் அவங்க பக்கம் நிக்க முடியும். மறைச்சாத்தான் சிக்கல். அப்படியே பேங்க்குல சொல்லிக் கார்டை முடக்கிட்டு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல ஒரு மனுவும் குடுக்கச் சொல்லுங்க. கந்துவட்டிக்குத் தனிச் சட்டமே இருக்கு."

இந்த மனிதர் ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. ஒன்றும் இல்லாமல் யாரும் ஒன்றும் செய்வதில்லை. தீபாவளிக்கு எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, கம்பெனிக்குப் போனதும் பட்டாசு கிப்ட் பாக்ஸில் பெரிய பெட்டியாக ஒன்று கட்டி ஆள் மூலம் அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் மருமகள் வந்தபோது அந்தப் பெட்டியும் அவளோடு வந்தது. அதைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"மாமா, இதை லஞ்சம்னு எழுதினா வேலை அதுலயே போயிரும்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தாரு. நான் சிரிக்கல. நான் கருவூலத்துல இருந்து வந்து ஆபீசுக்குள்ள காலை வைக்கிறேன், எல்லாரும் என்னையே பாக்காக. பியூன் வந்து, அக்கா உங்க மாமனார் வந்தாக, நீங்க சாத்தூர்ல கடன்பட்டீகளாமேங்கிறான். எந்த ஒரு விஷயம் தெரியக் கூடாதுன்னு சம்பளம் பூராவும் அவன்கிட்ட அழுதேனோ, அதை நீங்க நடு ஆபீஸ்ல நின்னு சொல்லிட்டு வந்திருக்கீக."

என் மகன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் எப்போதும் அப்படித்தான். என் வீட்டுக்காரி மட்டும், "சொல்லியாச்சுல்ல. இனி அந்தச் சாத்தூர்க்காரன் ஆபீசுக்கு லெட்டர் போட்டா என்ன எழுதுவான்?" என்றாள்.

மருமகள் திரும்பி அவளைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். இதை யோசித்துத்தான் நான் ஆபீசுக்குப் போனேன் என்று பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் ஒருத்தரும் நம்புவதில்லை.

மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டாள். பேங்க்குக்குப் போய்க் கார்டை முடக்கி, புதுக் கார்டுக்கும் எழுதிக் கொடுத்தாள். செக் விவரத்தையும் சொல்லி வைத்தாள். திங்கட்கிழமை மனுவும் கொடுத்தாள். இதற்கெல்லாம் நான் கூடப் போகவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த மாதக் கடைசி போன அடுத்த நாள், சாத்தூர்க்காரன் என் கம்பெனிக்கே வந்துவிட்டான். சீசன் நேரம், பெட்டி லோடு ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் எழுந்து நின்ற மாதிரி நான் எழுந்து நிற்கவில்லை.

"அண்ணாச்சி, கார்டு வேலை செய்யலையே."

"மிசின் மக்கர் பண்ணும்."

"நம்ம வியாபாரிக. நமக்குள்ள போலீசு, கலெக்டருன்னு போகலாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, வட்டியைக் குறைச்சுக்கிடுதேன்."

"கோர்ட்டுக்குப் போறேன்னியே, போகலையா?"

"எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்."

"போனா மூணுல ஒரு பங்குதான் கிடைக்கும். முதல் ஆயிரத்தைக் கழிச்சுட்டு. அதுவும் ரெண்டு வருசம்தான். சட்டம்லே அது" என்றேன். ஏதோ நானே எழுதிய சட்டம் மாதிரித்தான் சொன்னேன்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அதைப் பார்த்தபிறகுதான், கண்காணிப்பாளர் சொன்னது உண்மை என்று எனக்கு முழுசாக நம்பிக்கை வந்தது. இவனுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் கார்டை வாங்கியிருக்கிறான். அவன் டிராயரில் கிடக்கிற கார்டுக்குச் சொந்தக்காரர்கள், பாதிப் பேருக்கு மேல் பட்டம் வாங்கியவர்கள், ஒருத்தருக்குமா தெரியாது? தெரிந்தும்தான் கொடுத்தார்களோ என்னவோ. ஆபீசில் தெரிந்துவிடுமே என்கிற ஒன்றுக்கே அவர்கள் மொத்தச் சம்பளத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று அவனே இறங்கி வந்தான். இதுவரை எடுத்ததை எல்லாம் கணக்குப் பார்த்து, அசலில் மிச்சம் உள்ளதை மட்டும் கட்டினால் செக்கையும் புரோநோட்டையும் தந்துவிடுகிறேன் என்றான். இப்படி இவ்வளவு சீக்கிரம் இறங்கியதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் தொகை எனக்கு ஒன்றும் பெரிசில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நான் கட்டிருதேன் தாயி, ஒரே தடவையில. அவன் மூஞ்சியில எறிஞ்சிருவோம்."

"வேணாம் மாமா. ஆபீஸ் கூட்டுறவுச் சங்கத்துல கடன் போடுறேன். மாசாமாசம் சம்பளத்துல அவுகளே பிடிச்சுக்கிடுவாக."

"அதுவும் கடன்தானே? எதுக்கு வட்டி கட்டணும்? என் பணத்துக்கு வட்டி கிடையாது. நீ மெல்லத் திருப்பிக் குடு. யாருக்கும் சொல்லவும் மாட்டேன்."

என் வீட்டுக்காரி இதற்குச் சிரித்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றேன். "புதுக் கார்டு வந்ததும் அதை என்கிட்ட குடுத்துரு. நீ ஏமாளி. எவனாவது கேட்டா மறுபடி குடுத்துருவ. என்கிட்டன்னா பத்திரமா இருக்கும்."

மருமகள் கோபப்படவில்லை.

"சாத்தூர்லயும் பத்திரமாத்தான் மாமா இருந்துச்சு" என்றாள்.

நானும் சாத்தூர்க்காரனும் ஒன்றா? நான் இந்த வீட்டைக் கட்டியவன். கேட்டிருப்பேன், ஆனால் அவள் அதற்குள் சமையலறைக்குப் போய்விட்டாள். நல்ல எண்ணத்தில் சொன்னதைத்தான் அப்படி எடுத்துக்கொண்டாள் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சங்கத்தில் கடன் பாஸாகி, சாத்தூர்க் கணக்கை அவளே நேரில் போய் முடித்தாள். செக்கையும் புரோநோட்டையும் வாங்கிக் கிழித்துப் போட்டாள். பழைய கார்டை நாலாக வெட்டினாள். புதுக் கார்டு அவள் கைப்பையில் இருக்கிறது. எந்த மடிப்பில் வைத்திருக்கிறாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. மாதம் எவ்வளவு பிடித்தம் போகிறது என்று கேட்டால், "அளவாத்தான் மாமா போகுது" என்கிறாள். மிச்சச் சம்பளம் எங்கே போகிறது என்று நான் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

சங்கக் கடனுக்கு ஆபீசிலேயே இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டிருக்கிறார்கள். அடுத்தவர் கடனுக்கு ஒன்றும் எதிர்பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற அந்த இரண்டு பேர் யாரென்று அவள் இன்னும் சொல்லவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.